அலைக்குக் கடப்பிதழ் இல்லை: கைப்பேசிக் கட்டணத்தின் அறிவியல்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்சையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். காலை நெரிசலில் இதைக் கடக்க நம் பெற்றோருக்குச் சில நாள்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதே தூரத்தைக் கடக்க வானொலி அலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒளியின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 3.5 மைக்ரோவினாடி, அதாவது ஒரு வினாடியை 10 லட்சம் பங்காக்கினால் அதில் மூன்றரைப் பங்கு. குடிநுழைவு முகப்பு இல்லை, வரிசை இல்லை, கடப்பிதழும் இல்லை.

இதனால் நமக்கு என்ன? ஸ்தூலாங் லாவுட், டங்கா பே, பாசிர் கூடாங், கேலாங் பாத்தா போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பணத்தைத் தொடும் செய்தி. வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், நாங்க வீட்டுலதானே இருக்கோம், சிங்கப்பூருக்கே போகல. அப்புறம் ஏன் சிங்கப்பூருக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் வருது?" நல்ல கேள்வி. அவளது கைப்பேசி, வீட்டை விட்டு நகராமலேயே வெளிநாடு போய்விட்டது.

மாதக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றால், எந்த நிறுவனம் மலிவு என்று மட்டும் பார்க்கிறோம். ஆனால் கட்டணச் சீட்டு என்பது ஓர் அளவீட்டு அறிக்கை. மின்சாரக் கட்டணம் கிலோவாட் மணியை அளப்பது போல, கைப்பேசிக் கட்டணமும் சிலவற்றை அளக்கிறது: எந்தக் கோபுரத்தோடு பேசினீர்கள், எத்தனை பிட் நகர்த்தினீர்கள், எவ்வளவு தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். படிவம் 4, 5 மாணவர்களுக்கு இதில் தெரியாத கணிதம் எதுவும் இல்லை.

எந்தக் கோபுரம்?

உங்கள் கைப்பேசி எப்போதும் சுற்றிலும் உள்ள கோபுரங்களின் அலைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் தன் அடையாள எண்ணை இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. உங்கள் சிம் அட்டையில் பதிந்திருக்கும் எண்ணும் 502 என்றுதான் தொடங்கும். தன் நிறுவனத்தின் கோபுரம் கேட்கும் வரை கைப்பேசி அதையே தேர்ந்தெடுக்கும். அது கேட்காமல் போனால், உடன்பாடு உள்ள வேறு ஒரு நிறுவனத்தைத் தேடும். கடலோரத்தில் அப்படிக் கிடைப்பது 525 ஆகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு அருகில் உள்ள நம் கோபுரம் கேட்காமல், அக்கரைக் கோபுரம் கேட்குமா? கேட்கும். இரண்டு காரணங்கள்.

முதலாவது, தடை. நம் கோபுரத்துக்கும் உங்கள் அறைக்கும் இடையே அடுக்குமாடிக் கட்டடங்களும் கான்கிரீட் சுவர்களும் இருக்கலாம். கடலை நோக்கிய சன்னலுக்கும் அக்கரைக்கும் இடையே இருப்பது வெறும் நீர்ப்பரப்பு. மலையும் இல்லை, மாடியும் இல்லை. அலை நேர்க்கோட்டில் வந்து சேர்கிறது. அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது உண்மைதான். 500 மீட்டரில் இருப்பதைவிட 1,000 மீட்டரில் அது நான்கில் ஒரு பங்கு. ஆனால் ஒரு கான்கிரீட் சுவர் அதைவிட அதிகமாக விழுங்கிவிடும். பழைய இரண்டாம் தலைமுறைக் கோபுரங்களே 35 கிலோமீட்டர் வரை எட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. ஜொகூர் நீரிணை அவற்றுக்கு ஒரு வாய்க்கால்.

இரண்டாவது, அலைநீளம். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 8.6 சென்டிமீட்டர்தான். மலேசியாவின் 5ஜி சேவை இந்த இரு அலைப்பட்டைகளையும் பயன்படுத்துகிறது. நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து செல்லும். குட்டை அலை அவ்வளவாக வளையாது. இதைத்தான் அலை விளிம்பு விளைவு என்கிறோம். மலாய்ப் பாடநூலில் 'பெம்பெலாவான்' என்று படித்திருப்பீர்கள். ஆகவே ஒரே வீட்டில், முன்னறையில் ஒரு நாட்டு அலையும் பின்னறையில் இன்னொரு நாட்டு அலையும் வலுவாக இருப்பதில் வியப்பில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தானியங்கி முறையில் உள்ள கைப்பேசி வெளிநாட்டுக் கோபுரத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், அந்த அலை நன்றாகக் கிடைக்கும் வரை அங்கேயே தங்கிவிடக்கூடும். உலகத் தர விதிகளின்படி, அது அவ்வப்போது வேறு நல்ல இணைப்பைத் தேடும்போது தான் பதிந்திருக்கும் அதே நாட்டு நிறுவனங்களுக்குள்தான் தேடுகிறது. எல்லையோரத்தில் வாழ்பவர்களை நினைத்து எழுதப்பட்ட விதி அல்ல அது, பயணிகளை நினைத்து எழுதப்பட்டது. அதனால்தான் நம் அலை திரும்பி வந்த பிறகும் சில நேரம் திரையில் அக்கரைப் பெயரே தெரிகிறது.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. தமிழ்நாட்டின் தனுஷ்கோடி முனைக்குப் போய்வந்தவர்களும் கைப்பேசியில் இலங்கை அலை கிடைத்ததாகச் சொல்வதுண்டு. ஐரோப்பாவில் ஆற்றுக்கு இக்கரை ஒரு நாடு, அக்கரை வேறொரு நாடு. அங்கே 2017ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக்கட்டணம் வாங்குவது பொதுவாக நிறுத்தப்பட்டது. நம் பகுதியில் இன்று பல திட்டங்கள் சிங்கப்பூர் ரோமிங்கையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் எல்லாத் திட்டங்களும் அல்ல. உங்கள் திட்டம் எந்த வகை என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியது இதுதான். கைப்பேசியின் அமைப்புகளில் 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்து வையுங்கள். இது இணையத் தரவை மட்டுமே தடுக்கும். வெளிநாட்டுக் கோபுரத்தில் பதிந்திருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் சில திட்டங்களில் கட்டணம் உண்டு. எனவே அடுத்த படியாக, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதன் பிறகு உங்கள் நிறுவனத்தின் அலை இல்லாத மூலையில் கைப்பேசி சேவையின்றி நிற்கும், வெளிநாட்டுக்கு ஓடாது. 999 என்ற அவசர அழைப்பு மட்டும், கிடைக்கும் எந்தக் கோபுரம் வழியாகவும் செல்ல முயலும். அப்பாவோ அம்மாவோ தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், அவருடைய கைப்பேசியில் கைமுறைத் தேர்வு சரிப்படாது. அவருக்கு ரோமிங் சேர்ந்த திட்டமோ, அக்கரை சிம் அட்டையோ எது இலாபம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது நீங்கள்.

எத்தனை பிட்?

அடுத்த அளவு, நீங்கள் நகர்த்தும் தரவு. இங்கே பலரைக் குழப்புவது ஓர் எழுத்துதான். ஆங்கிலத்தில் சிறிய எழுத்து 'பி' பிட்டைக் குறிக்கும், பெரிய எழுத்து 'பி' பைட்டைக் குறிக்கும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. அளவைப் பைட்டில் விற்கின்றன. வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 மெகாபைட் கோப்பு 10 வினாடியில் வந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் 800 மெகாபிட் வர வேண்டும், ஆகவே 80 வினாடி ஆகும்.

இப்போது காணொளியின் கணக்கைப் பார்ப்போம். முழு எச்.டி. படத்தின் ஒரு சட்டத்தில் 1,920 பெருக்கல் 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் நிறம். வினாடிக்கு 30 சட்டங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் வினாடிக்கு 149 கோடிப் பிட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 187 மெகாபைட். இப்படியே அனுப்பினால் 20 ஜிகாபைட் திட்டம் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்!

தீராமல் காப்பது சுருக்கும் கணிதம். அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் பணியாற்றிய அவர், 1972ஆம் ஆண்டு கோசைன் சார்பை வைத்துப் படங்களைச் சுருக்கலாம் என்று ஆய்வு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் உழைத்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு 1974ஆம் ஆண்டு தன் முறையை வெளியிட்டார். நீங்கள் முக்கோணவியலில் வரையும் அதே கோசைன் வளைவுதான். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பல கோசைன் அலைகளின் கூட்டலாக எழுதி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண் அலைகளை விட்டுவிடுவது இந்த முறை. ஜேபெக் படங்களிலும் இன்றைய காணொளிகளிலும் இதே கருத்து உயிரோடு இருக்கிறது. 149 கோடிப் பிட் ஏறக்குறைய 50 லட்சமாகச் சுருங்குகிறது. முந்நூறில் ஒரு பங்கு!

சுருங்கிய பிறகும் கணக்கு இருக்கிறது. வினாடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18,000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது இரண்டேகால் ஜிகாபைட். அதே காணொளியை 480 தரத்தில் பார்த்தால் புள்ளிகளின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காகிறது. வினாடிக்கு 1 மெகாபிட் போதும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 0.45 ஜிகாபைட். வினாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பாட்டு மட்டும் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 58 மெகாபைட்டுக்கும் குறைவு. திரையைப் பார்க்காமல் பாட்டுக்காக மட்டும் வலையொளியை ஓட விடுகிறவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

தரத்தைக் குறைத்தால் படம் மங்காதா? உங்கள் கண்ணைக் கேளுங்கள். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது சுமார் 0.09 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் நீளப் பக்கம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 4கே காணொளியில் அந்த நீளத்தில் 3,840 புள்ளிகள். ஒரு புள்ளி 0.04 மில்லிமீட்டர். கண்ணால் பிரிக்கவே முடியாது. முழு எச்.டி.யில் ஒரு புள்ளி 0.08 மில்லிமீட்டர், கண்ணின் எல்லைக்கே வந்துவிட்டது. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு பிட்டும் காணவே முடியாத ஒன்றுக்குக் கொடுக்கும் காசு. 480 தரத்தில் ஒரு புள்ளி 0.18 மில்லிமீட்டர். எழுத்துகள் சற்று மென்மையாகத் தெரியும், பாடம் நடத்தும் ஆசிரியரின் முகத்துக்கும் கரும்பலகைக்கும் போதும். கணக்கைப் பெரிதாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் 720க்கு மாற்றுங்கள்.

தெரியாமல் ஓடும் பிட்டுகள்

நாம் பார்க்கும் காணொளியைவிட, பார்க்காமல் ஓடும் தரவுதான் சிலர் வீட்டில் அதிகம். முகநூலிலும் டிக்டாக்கிலும் விரல் படுவதற்கு முன்பே அடுத்த காணொளி இறங்கத் தொடங்குகிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்பைத்தான் சொல்கிறேன்) உறவினர் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களும் பண்டிகைக் காணொளிகளும் தாமாகவே பதிவிறங்குகின்றன. நூறு பேர் உள்ள குழுவில் 10 மெகாபைட் காணொளி ஒன்று விழுந்தால், நூறு கைப்பேசியும் அதை இறக்கினால் மொத்தம் 1 ஜிகாபைட். திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு செயலியிலும் தானியங்கிப் பதிவிறக்கத்தை 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள். செயலிகளின் புதுப்பிப்பையும் அப்படியே செய்யுங்கள். கைப்பேசியின் அமைப்புகளில் 'தரவுச் சேமிப்பு' வசதியை இயக்குங்கள். ஆன்லைன் பாடக் காணொளிகளை வீட்டில் அல்லது நூலகத்தில் வைஃபை இருக்கும்போது இறக்கி வைத்துப் பேருந்தில் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. வைஃபை சின்னம் தெரிவதாலேயே எல்லாத் தரவும் அதன் வழியே போகிறது என்று எண்ண வேண்டாம். வைஃபை அலை பலவீனமானால் தாமாகவே கைப்பேசித் தரவுக்குத் தாவும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. அது சில கைப்பேசிகளில் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும். மூடிய அறையில், வீட்டு வைஃபை கருவிக்கு இரண்டு சுவர் தள்ளிப் படுத்துக்கொண்டு படம் பார்ப்பவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது.

பொதுவிட வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள். அந்தச் சிறு வேலைக்குச் சொந்தத் தரவைச் செலவழிப்பதே சிக்கனம்.

தமிழுக்கு இரண்டு மடங்கா?

பிட் கணக்கு நம் மொழியையும் தொடுகிறது. இன்றும் தாத்தா பாட்டிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் உண்டு. இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசியிலும் அது போய்ச் சேரும். ஒரு குறுஞ்செய்திக்கு இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். 1,120ஐ 7ஆல் வகுத்தால் 160 எழுத்து. தமிழை யூனிகோடில் அனுப்பும்போது ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70 குறிதான்.

அதுவும் எழுத்து வேறு, குறி வேறு. 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து. கைப்பேசிக்கு வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என ஏழு குறி. "அம்மா, வகுப்பு முடிந்தது. பேருந்தில் வருகிறேன். தம்பிக்கு மருந்து வாங்கிவிட்டேன்." என்ற செய்தி, இடைவெளியும் சேர்த்து 81 குறி. ஒன்று போல் தோன்றினாலும் இரண்டு குறுஞ்செய்தியாகக் கணக்கிடப்படும். குறுஞ்செய்திக்குத் தனித்தனியாகக் காசு பிடிக்கும் திட்டம் என்றால் இரு மடங்கு.

அதற்காகத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யச் சொல்லவில்லை. கைப்பேசியில் தமிழ் வருமா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டு வெளிவந்து, நம் எழுத்திலேயே செய்தி அனுப்ப வழி செய்தது. இணையம் வழியாகச் செல்லும் செய்திக்கு இந்த 70 குறி எல்லை இல்லை. மேலே உள்ள 81 குறியும் இணையத்தில் சில நூறு பைட்தான். ஒரு வினாடிக் காணொளிக்கு முன் அது தூசு. தமிழில் எழுதுவதால் தரவு தீராது. குறுஞ்செய்தியில் மட்டும் சுருக்கமாக எழுதினால் போதும்.

எவ்வளவு தர ஒப்புக்கொண்டோம்?

மூன்றாவது அளவு, திட்டம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிகாபைட். நாம் கேட்க வேண்டியது, பயன்படுத்திய ஒரு ஜிகாபைட்டுக்கு எவ்வளவு என்பது.

ஒரு கற்பனைக் கணக்கு. திட்டம் 'அ': மாதம் 40 ரிங்கிட், 100 ஜிகாபைட். திட்டம் 'ஆ': மாதம் 25 ரிங்கிட், 20 ஜிகாபைட். விளம்பரக் கணக்கில் 'அ' ஒரு ஜிகாபைட் 40 சென். 'ஆ' 1 ரிங்கிட் 25 சென். 'அ' மூன்று மடங்கு மலிவு என்று தோன்றும். நீங்கள் மாதம் உண்மையில் பயன்படுத்துவது 12 ஜிகாபைட் என்றால்? 'அ'வில் ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ரிங்கிட் 33 சென். 'ஆ'வில் 2 ரிங்கிட் 8 சென். மாதம் 15 ரிங்கிட் மிச்சம். ஆண்டுக்கு 180 ரிங்கிட். வீட்டில் நான்கு பேர் இப்படி மாறினால் 720 ரிங்கிட். எஸ்.பி.எம். பயிற்சி நூல்கள் எத்தனை வாங்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

'வரம்பில்லா' என்ற சொல்லையும் அறிவியலோடு படியுங்கள். ஒரு கோபுரத்தின் அலைப்பட்டை வரம்புள்ளது. அதில் எவ்வளவு தகவலை அனுப்ப முடியும் என்பதற்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று 1948ஆம் ஆண்டிலேயே கிளாட் ஷனன் நிறுவிவிட்டார். அந்த எல்லைக்குள் இருப்பதை அப்பகுதியில் உள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறோம். ஆகவே வரம்பு அளவில் இல்லையென்றால் வேகத்தில் இருக்கும். சிறிய எழுத்தில் 'நியாயப் பயன்பாடு' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். வேகம் குறைவு என்பதால் உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். வினாடிக்கு 3 மெகாபிட் கிடைத்தாலே 720 தரக் காணொளி பெரும்பாலும் தடங்கலின்றி ஓடும். வெறும் 1 மெகாபிட் வேகத்தில்கூட ஒரு நாள் முழுவதும் இடைவிடாமல் இறக்கினால் 10.8 ஜிகாபைட் வந்துவிடும். தேவைக்கு மேற்பட்ட வேகத்துக்குக் காசு கொடுப்பது, பள்ளி வேனுக்குப் பந்தயக் கார் இயந்திரம் பொருத்துவது போன்றது.

எண்ணை மாற்ற மனமில்லாமல் பழைய திட்டத்திலேயே இருப்பவர்கள் பலர். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மாறும் முன், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, இடையில் விலகினால் அபராதம் உண்டா என்று பாருங்கள். தவணையில் வாங்கிய கைப்பேசியோடு வந்த திட்டமாக இருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கட்டணம் தவறு என்று தோன்றினால் அமைதியாக இருந்துவிடாதீர்கள். திரையில் நெட்வொர்க் பெயர் தெரியும் படம், வரவேற்புக் குறுஞ்செய்தி, தேதி, நேரம் ஆகியவற்றைச் சேமித்து முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். தீராவிட்டால், தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றமும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமும் இருக்கின்றன. வீட்டில் நகராமல் இருந்தபோது ரோமிங் விழுந்தது என்று சொல்வதற்கும், அதைத் தேதியோடும் படத்தோடும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, ஆய்வுக்கூடத்தில் கருத்துக்கும் தரவுக்கும் உள்ள அதே வேறுபாடு.

ஏழு நாள் ஆய்வு

இனி உங்கள் முறை. ஒரு தாளில் நான்கு பத்தி வரையுங்கள்: தேதி, அன்று செலவான கைப்பேசித் தரவு, அதிகம் தின்ற மூன்று செயலிகள், திரையில் தெரிந்த நெட்வொர்க் பெயர். கைப்பேசியின் அமைப்புகளில் 'தரவுப் பயன்பாடு' பகுதியில் இந்த எண்கள் எல்லாம் இருக்கின்றன. மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். அது உங்கள் கட்டுப்பாட்டு அளவீடு. நான்காம் நாள் காணொளித் தரத்தையும் தானியங்கிப் பதிவிறக்கத்தையும் மாற்றுங்கள். அடுத்த மூன்று நாள் மறுபடி எழுதுங்கள். நான்காம் நாளின் எண்ணைச் சேர்க்க வேண்டாம். அது பாதி பழையது, பாதி புதியது. மற்ற நாள்களில், மாற்றத்துக்கு முந்திய சராசரியையும் பிந்திய சராசரியையும் ஒப்பிடுங்கள். வார இறுதி நாள் எந்தப் பக்கம் விழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் நம் பழக்கம் மாறும்.

பிந்திய சராசரியை 30ஆல் பெருக்குங்கள். கொஞ்சம் கையிருப்பாக நான்கில் ஒரு பங்கு கூட்டுங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் மாத அளவு அதுதான். கடலோரத்தில் இருக்கிறவர்கள் வீட்டின் ஒவ்வோர் அறையிலும், ஒவ்வொரு சன்னலோரத்திலும் நெட்வொர்க் பெயரையும் குறித்து, வீட்டின் படத்தை வரைந்து 502, 525 என்று நிறம் தீட்டுங்கள். அறிவியல் கண்காட்சிக்கும் அது பொருத்தமான ஆய்வு.

பிறகு அந்தத் தாளையும் சென்ற மாதக் கட்டணச் சீட்டையும் அம்மா அப்பா முன் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திட்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். முடிவுக்குத் தேவையான எண்ணை அளந்து கொடுத்தது நீங்களாக இருங்கள்.